வீட்டோடு வந்த குடித்தனக்காரர்களும் ஒத்திக்காரரும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு மாடி வீடு வாங்கி, ஜூன் 17ஆம் தேதி கிரயம் பதிவாகிவிட்டது. பணம் முழுவதும் கைமாறிவிட்டது. முன்பக்கப் போர்ஷனில் 11 வருடமாக ஒரு குடும்பம், வாடகை 6,500, அட்வான்ஸ் 50,000. பின்பக்கத்தில் ஒருவர் 4 லட்சம் ரூபாய்க்கு ஒத்தி, அதாவது பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கிறார். மாடியில் தனியார் நிறுவன ஊழியர், வாடகை 9,000, அட்வான்ஸ் 90,000. வாசலில் ஒரு மளிகைக் கடை, வாடகை 7,500, அட்வான்ஸ் ஒரு லட்சம். விற்றவர் அட்வான்ஸ் எதையும் உங்களிடம் தரவில்லை. "ஒத்திப் பணத்தை மூன்று மாதத்தில் நானே தீர்த்துவிடுகிறேன்" என்று வாயால் சொல்லியிருக்கிறார். வாடகையை உடனே ஏற்றலாமா, அட்வான்ஸை யார் திருப்பிக் கொடுக்க வேண்டும், அம்மாவுக்காக முன்பக்கப் போர்ஷனை எப்படிக் காலி செய்யச் சொல்வது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மோட்டாரை நிறுத்தினால் தானே போய்விடுவார்கள் என்று மைத்துனர் சொன்ன யோசனையையும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

22 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்து ஐந்தாம் பக்கம் ஆறாம் பக்கம் வாக்கில் பாருங்கள். "மேற்படி சொத்தின் சுவாதீனத்தை இன்றே தங்களிடம் ஒப்படைத்துவிட்டேன்" என்று ஒரு வரி இருக்கும். நாங்கள் எல்லாப் பத்திரத்திலும் எழுதும் வரி அது; சுவாதீனம் என்றால் சொத்தை நேரடியாகக் கையில் வைத்திருப்பது. அந்த வரியில் நீங்கள் கையெழுத்துப் போட்ட நேரத்தில் மூன்று வீட்டிலும் உலை கொதித்துக்கொண்டிருந்தது, கடைக்காரர் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தார். நிஜத்தில் உங்கள் சுவாதீனத்துக்கு வந்தது மாடிப்படியும் மொட்டை மாடியும்தான். குடியிருப்பவர்களின் உரிமை கிரயத்தால் கலையாது. 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: விற்றவருக்கு என்னென்ன உரிமையும் கடமையும் இருந்தனவோ, அவை வாங்கியவரைச் சேரும். அவர்கள் எந்த நிபந்தனையில் இருந்தார்களோ அதே நிபந்தனையில் இப்போது உங்களிடம் இருக்கிறார்கள்.

"ஒத்தி இருப்பது வில்லங்கச் சான்றிதழில் வரவில்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவு செய்யாத ஒத்தி எப்படி வரும்? எங்கள் பக்கத்தில் பாதி ஒத்தி 20 ரூபாய்ப் பத்திரத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பீரோவுக்குள் போய்விடுகிறது. சட்டத்தில் ஒத்திக்குச் சுவாதீன அடமானம் என்று பெயர்; 100 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் அது பதிவாக வேண்டும். பதிவாகாத ஒத்திப் பத்திரம் பலவீனமானதுதான். ஆனால் அதை வைத்து ஒத்திக்காரரை வெளியே தள்ளிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு சொத்தில் ஒருவர் நேரடியாகக் குடியிருக்கிறார் என்றால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று விசாரித்து அறிந்தவராகவே சட்டம் வாங்குபவரைக் கருதும். "எனக்குத் தெரியாது" என்ற வாதம் அங்கே எடுபடாது. உங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஒத்திக்காரரை வாடகைதாரர் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அவர் பணம் கொடுத்துவிட்டு வட்டிக்குப் பதிலாக வீட்டில் இருக்கிறார். பணம் கைக்கு வந்தால் சாவியைக் கொடுப்பார், வராதவரை நகர மாட்டார். அதில் அவர் மேல் தவறும் இல்லை. இதில் கடன்காரர் விற்றவர்தான், ஆனால் வீடு உங்களுடையது. பத்திரத்தில் இன்னொரு வரி இருக்கும்: "பின்னிட்டு வில்லங்கம் ஏதும் ஏற்பட்டால் என் சொந்தப் பொறுப்பிலும் இதர சொத்துக்கள் மூலமும் முன்னின்று தீர்த்துக் கொடுப்பேன்." உங்களிடம் இருக்கும் ஆயுதம் அந்த வரிதான். விற்றவர் தொலைபேசியை எடுக்கும் காலத்திலேயே அதைப் பயன்படுத்துங்கள். ஒத்தித் தொகை இவ்வளவு, வைத்திருப்பவர் இன்னார், இந்தத் தேதிக்குள் நான் தீர்ப்பேன், தவறினால் நீங்கள் கொடுத்துவிட்டு என்னிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். தொகைக்குத் தேதியிட்ட காசோலையும் கேளுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

என் கையால் எழுதிய ஒரு கிரயத்திலேயே எனக்கு ஒரு பாடம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். விற்றவர் "கீழே ஒரே ஒரு குடித்தனம், அட்வான்ஸ் 40,000" என்றார். நானும் வாங்கியவரும் அதை நம்பினோம். பதிவு முடிந்து முதல் மாத வாடகை கேட்கப் போனபோது, குடியிருந்த அம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து 80 பக்க நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். மாதாமாதம் வாடகை கொடுத்ததற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட நோட்டு. கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் இரண்டு வரி: சமையலறைக்கு டைல்ஸ் போட்டதற்கும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மாற்றியதற்கும் 25,000 ரூபாய் அந்த அம்மாள் செலவு செய்தது, காலி செய்யும்போது அட்வான்ஸோடு சேர்த்துத் தரப்படும். கீழே விற்றவரின் கையெழுத்து. ஆக, அட்வான்ஸ் 65,000. வாங்கியவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு குடித்தனம் இருக்கும் வீடு கிரயத்துக்கு வந்தால், நோட்டைப் பார்க்காமல் நான் பேனாவை எடுப்பதில்லை.

ஆகையால் உங்கள் முதல் வேலை அந்த நோட்டுகளைப் பார்ப்பது. வருகிற ஞாயிற்றுக்கிழமை விற்றவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போகாதீர்கள். புது முதலாளி வருகிறார் என்றாலே குடியிருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பழைய முதலாளி பக்கத்தில் நின்று "இனி தம்பிதான்" என்று சொன்னால் பாதிக் கலக்கம் தீரும். அன்றைக்கு வாடகையை ஏற்றுவது பற்றியோ காலி செய்வது பற்றியோ ஒரு வார்த்தை வேண்டாம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிலிருந்து குடியிருக்கிறார், யார் யார் இருக்கிறார்கள், வாடகை எவ்வளவு, எந்த மாதம் வரை கொடுத்திருக்கிறார், அட்வான்ஸ் எவ்வளவு, பழுதுபார்க்கச் செலவு செய்ததில் பாக்கி உண்டா, வீட்டில் இருக்கும் மின்விசிறி, கீசர் யாருடையவை, தண்ணீருக்கும் கரண்டுக்கும் என்ன ஏற்பாடு. குடியிருப்பவர், விற்றவர், நீங்கள் மூவரும் கீழே கையெழுத்துப் போடுங்கள். விற்றவர் சொன்ன தொகைக்கும் குடியிருப்பவர் சொல்லும் தொகைக்கும் வித்தியாசம் வந்தால் மூவரும் ஒரே இடத்தில் நிற்கும்போதே வரட்டும். ஆறு மாதம் கழித்து வந்தால் உங்கள் தலையில்தான் விடியும்.

கூடவே விற்றவர் கையெழுத்தில் ஒரு கடிதம் வேண்டும்: இந்தத் தேதியில் வீட்டை இன்னாருக்கு விற்றுவிட்டேன், இனி வாடகையை அவரிடமே செலுத்தவும். வக்கீல்கள் இதை அட்டார்ன்மென்ட் கடிதம் என்பார்கள். இது இல்லாவிட்டாலும் நீங்கள்தான் உரிமையாளர். ஆனால் விற்பனை நடந்தது தெரியாமல் குடியிருப்பவர் பழையவரிடமே வாடகையைக் கொடுத்துவிட்டால், அதே வாடகையை மறுபடி அவரிடம் கேட்க உங்களுக்கு வழியில்லை. மாடிக்காரர் மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு அனுப்புபவர் என்கிறீர்கள்; பழைய கணக்குக்கே தானாகப் போகும்படி வைத்திருப்பார். இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கிரயத்துக்கு முந்தைய வாடகை பாக்கி விற்றவருடையது. பத்திரத்தில் தனியாக எழுதி வாங்கினால் ஒழிய, அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ஜூன் மாதத்தைப் பொறுத்தவரை, நாள் கணக்கில் பிரித்துக்கொள்வதுதான் முறை. மூன்று வாடகையும் சேர்த்து 23,000. அவர்கள் மாதம் முடிந்து 5ஆம் தேதி கொடுக்கும் வழக்கமுள்ளவர்கள் என்பதால் ஜூன் வாடகை ஜூலையில் உங்கள் கைக்கு வரும். அதில் முதல் 16 நாள் பங்கு, அதாவது 12,267 ரூபாய், விற்றவருக்குப் போக வேண்டும். அதை உடனே ஜிபேயில் தட்டிவிடாதீர்கள். அந்தப் பணத்தை வாங்க அவர் நேரில் வருவார். வரும்போது மேலே சொன்ன தாள்களிலும் ஒத்திக் கடிதத்திலும் கையெழுத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸுக்கு வருகிறேன். யார் வாங்கினாரோ அவர்தான் தர வேண்டும் என்று உங்கள் நண்பர் சொன்னது பேச்சுக்கு நியாயம்தான். ஆனால் காலி செய்யும் நாளில் குடியிருப்பவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். பணம் வராமல் சாவி வராது. 50,000, 90,000, ஒரு லட்சம், மொத்தம் 2,40,000. இதை வீட்டு விலையில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒத்தியும் சேர்த்தால் 6,40,000. பத்திரத்தில் போட்ட விலையோடு இதையும் கூட்டினால்தான் நீங்கள் உண்மையில் கொடுத்த விலை. விற்றவரிடம் பேசிப் பாருங்கள். பேரம் பேசும்போதே அதைக் குறைத்துத்தான் விலை சொன்னேன் என்பார். அப்படி எதுவும் எழுத்தில் இல்லை என்றால் வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்புவதில் தவறில்லை. ஆனால் அந்தச் சண்டை உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். குடியிருப்பவர்களிடம் "உங்கள் அட்வான்ஸுக்கு நான் பொறுப்பு" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் காத்திருப்பார்கள். அது கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? வாடகையை நிறுத்தி அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள்.

அடுத்து ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். போட்ட 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் அந்த அதிகாரி. அரசின் இணையதளம் வழியாகவே பதிந்துவிடலாம், ஒரு பதிவு எண் வரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகைப் பத்திரத்துக்குத்தான் அந்தப் பதிவு கட்டாயம். ஊரெல்லாம் 11 மாதம் என்று எழுதுவதன் ரகசியம் அதுதான். வாடகை அதிகாரியிடம் பதிவதற்கு 11 மாதம், 10 மாதம் என்ற விலக்கெல்லாம் கிடையாது.

உங்கள் மூன்று பேரில் முன்பக்கக் குடும்பத்துக்கு எழுத்தே இல்லை, மாடிக்காரரின் ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது. இருவரிடமும் புதிதாகப் போடுங்கள், இதே வாடகைக்கு, இதே அட்வான்ஸுக்கு. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று புதுச் சட்டம் சொல்கிறது. அட்வான்ஸைக் கூட்டிக் கேட்கும் எண்ணம் இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போகத் திருப்பித் தரவேண்டும் என்றும் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட மறுக்கும் வாடகைதாரரை அந்த ஒரு காரணத்துக்காகவே வாடகை நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். ஆனால் மறுக்க மாட்டார்கள், கேட்கும் விதத்தில் கேட்டால். மாடிக்காரருக்கு வருட வாடகை 1,08,000. ஒரு லட்சத்தைத் தாண்டுவதால், வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்பவராக இருந்தால் அவருக்கு உங்கள் பான் எண் தேவைப்படும். கடைக்காரருக்கு வங்கிக் கடன், ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்புப் பதிவு என்று எதற்குப் போனாலும் உரிமையாளர் பெயரில் ஒப்பந்தமும் சொத்து வரி ரசீதும் கேட்பார்கள். அவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

வாடகையை ஏற்றலாமா? ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் அதில் எழுதியபடிதான் ஏற்ற முடியும். எழுத்தில்லாத இடத்தில் பேசித்தான் ஏற்ற வேண்டும். சட்டம் கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். முன்பக்கத்துக்கு 500 ரூபாய் ஏற்றினால் வருடத்துக்கு 6,000 கிடைக்கும். அவர் கோபித்துக்கொண்டு போய், வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 6,500 போகும். தரகருக்கு ஒரு மாத வாடகை, வெள்ளையடிக்கும் செலவு தனி. அதைவிட, 11 வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்த குடும்பத்தின் குளியலறைக் கதவை, அது நிச்சயம் அடியில் உளுத்துப் போயிருக்கும், முதலில் மாற்றிக் கொடுங்கள். பொங்கலுக்குப் பிறகு 500 ரூபாய் கேட்டால் அவர்களே நியாயம் என்பார்கள். மற்றவர்கள் இதை ஏமாளித்தனம் என்று சொல்லலாம். நான் பார்த்த வரையில் வாங்கிய மாதமே வாடகையை ஏற்றியவர்கள்தான் வழக்கறிஞர் அலுவலகத்தில் அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு வீடு வேண்டும் என்பது வேறு. சொந்த உபயோகத்துக்குத் தேவை என்பது சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் என்று 1882ஆம் வருடத்துச் சட்டத்தில் இருப்பதைப் படித்துவிட்டு 16ஆம் நாள் பூட்டோடு போய் நிற்காதீர்கள். ஒத்துப் போகாதவரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதற்கு முன்னால் நேரில் போய், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், விஷயத்தைச் சொல்லுங்கள். இப்போது ஜூன் கடைசி. பள்ளிக்கூடம் திறந்து சில வாரம்தான் ஆகிறது. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். தை மாதத்துக்குள் என்று கெடு சொல்லுங்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் மே மாதம் வரை கேட்பார்கள், கொடுங்கள். கடைசி இரண்டு மாத வாடகை வேண்டாம், வண்டிக் கூலி என் செலவு என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் தேதி போட்டு எழுதி, அட்வான்ஸ் 50,000ஐ அன்றைக்குத் தருவேன் என்று நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். அம்மா மாடி ஏற முடிந்தவர் என்றால் மாடிக்காரரிடம் பேசிப் பாருங்கள். வேலை மாற்றத்தில் அவரே போகக்கூடியவர்.

மைத்துனரின் மோட்டார் யோசனை. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று புது வாடகைச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போட்டு மறுபடி கொடுக்க வைப்பார், அபராதமும் விதிக்கலாம். நாளைக்கு நீங்கள் நியாயமான காரணத்தோடு வழக்குப் போட்டாலும் எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் எடுத்து வைக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குள் நுழைவதும் அப்படித்தான். ஏதாவது பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். மைத்துனருக்குச் சாவிக் கொத்து எதையும் கொடுக்க வேண்டாம்.

கரண்ட் விஷயத்தில் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது: "கடைக்கு முன்பக்கப் போர்ஷன் மீட்டரிலிருந்துதான் வயர் போகிறது." இதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். வீட்டு இணைப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் இருமடங்கு கட்டணத்தில் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். இதுவரை மின் இணைப்பு அட்டை, வீட்டை விற்றவர் பெயரில் இருந்தது. நீங்கள் பெயர் மாற்றிய மறுநாள் அதிகாரி வந்தால் மாட்டுவது நீங்கள். கடைக்குத் தனியாக வணிக இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள். முன்பக்கத்துக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று இலவச மின்சாரம் உண்டு. கடைக் குளிர்பெட்டி அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அந்த வீட்டு அம்மாளுக்குப் பல வருடக் கோபம் இருக்கும். புது முதலாளி வந்து முதலில் செய்த காரியம் அதுவாக இருந்தால், தை மாதப் பேச்சு சுலபமாகும்.

சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், மின் இணைப்பு மூன்றுக்கும் பெயர் மாற்ற மனுவைக் கிரய நகலோடு ஒரே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகும்போது எல்லா மீட்டரையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒத்திக்காரரிடம் அவருடைய பத்திரத்தைக் கேட்டு அங்கேயே நகல் எடுங்கள். அதில் கெடு என்று ஒரு தேதி எழுதியிருக்கும். அது மூன்று மாதத்துக்குள் வருகிறதா, ஏற்கெனவே தாண்டிவிட்டதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். விற்றவருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் வாசகம் அந்தத் தேதியைப் பொறுத்தது.